தாலிக்குப் பின்னால் நின்றவள்

ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தித் தரச்சொல்லி ஆட்கள் படியேறி வருகிற தொழில் என்னுடையது. கல்யாண வீடியோ எடிட்டிங். தென்காசியில் ஒரு மாடியறை, இரண்டு கணினி, வருகிறவர்கள் பார்க்க ஒரு பெரிய டிவி, ஜன்னலைத் திறந்தால் விசைப்பலகைவரை வந்து நனைத்துவிட்டுப் போகும் சாரல். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது. கல்லூரியில் தமிழ் படித்தவள். கணவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் போனபிறகு கேமராவை அவரிடம் வேலை பார்த்த மாடசாமி தூக்கிக்கொண்டான், கணினி எனக்கு வந்தது. கவிதையில் வரி எங்கே உடையவேண்டும் என்று காது பழகியவளுக்குப் படத்தை எங்கே வெட்டுவது என்று கற்றுக்கொள்வது பெரிய பாடாக இல்லை. பாடெல்லாம் படியேறி வருகிறவர்களிடம்தான். இதே மாதிரி எடிட்டிங் மேசையில் முதுகு வளைந்தவர்கள் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கீழே எழுதுவது எல்லாம் ஒரே கல்யாணத்தில் நடந்தவை. போன ஆவணியில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை கார்த்திக், தென்காசி, போலீஸ் குடும்பம். பெண் மாரிச்செல்வி, அச்சன்புதூர். அவளுடைய அம்மா பேச்சியம்மாள் கணவனை இழந்தவர். தோட்டத்தில் விளையும் காயைப் பாவூர்சத்திரம் சந்தையில் போட்டு ஒற்றை மகளைப் படிக்கவைத்தவர். அந்த அம்மா மகளின் கல்யாணப் படத்தில் இருக்கலாமா கூடாதா என்பதுதான் என் மேசைக்கு வந்த வழக்கு. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மூடிய கண்

மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டியன் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். படத்தைப் பார்க்க வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றே பார்த்தார். தாலி கட்டும் இடம் வந்ததும், "இங்கன நிப்பாட்டணும்க்கா. சினிமால நிப்பாட்டுவான்லா, அது மாதிரி" என்றார். அது சுலபமான வேலை. வேண்டிய ஃப்ரேமில் கொண்டுபோய் நிறுத்தி, ஃப்ரீஸ் என்பதைச் சொடுக்கினால் படம் சிலையாகிவிடும். சத்தம் தனியாகக் கீழே ஓடுவதால் படம் நின்றாலும் மேளம் நிற்காது. எவ்வளவு நேரம் நிற்கவேண்டுமோ அவ்வளவு நேரத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

ஆனால் முடிச்சு விழுகிற அந்த இமைப்பொழுதில் மாரிச்செல்வி கண்ணை மூடியிருந்தாள். முந்தின ஃப்ரேமிலும் மூடித்தான் இருக்கிறாள், அடுத்ததிலும் அப்படித்தான். அவள் கண்ணைத் திறக்கும்போது கார்த்திக்கின் முழங்கை முகத்தை மறைத்துவிடுகிறது. மறுபக்கத்தில் இருந்த இரண்டாவது கேமராவில் தாலியே கிடையாது. மண்டபத்தில் இருந்த கைபேசிகள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்று மறைத்துவிட்டன. அழுகிற பெண் கண்ணை மூடத்தான் செய்வாள், மூடின கண்ணுக்கும் ஓர் அழகு உண்டு என்று எடுத்துச் சொன்னேன். அவர் திருட்டுப் பொருளை யாரிடமிருந்து மீட்பது என்று யோசிப்பவரைப்போலத் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எடுத்தவன் கோட்டவிட்டா நீங்க தொறந்து வைங்கக்கா. பொறவு எதுக்கு கம்ப்யூட்டர் வச்சிருக்கீய?"

தம்பிக்கு நேரம் போதவில்லை

மாப்பிள்ளை வீட்டு உறவுகள் ஒவ்வொருவரும் மண்டப வாசலில் நுழையும்போது படம் நிற்கவேண்டும், கறுப்பு வெள்ளையாக மாறவேண்டும், பெயரும் பதவியும் பக்கத்தில் வந்து விழவேண்டும். இதுவும் சங்கரபாண்டியனின் உத்தரவுதான். செய்துகொடுத்தேன். மறுநாள் அவருடைய தம்பி, ராணுவத்தில் இருந்தவர், திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். அண்ணன் அதிக நேரம் நிற்கிறார், தான் மட்டும் வந்ததும் போய்விடுகிறார் என்பது புகார். உண்மைதான். அண்ணனுக்கு "ஓய்வுபெற்ற காவல் சார்பு ஆய்வாளர்" என்று எழுத்து நீளம், அதைப் படித்து முடிக்க நேரம் விட்டிருந்தேன். தம்பிக்கு "ராணுவம்" என்ற ஒரே சொல். எழுத்தின் நீளத்துக்குத் தக்கபடிதான் நிறுத்தினேன், மரியாதை பார்த்து அல்ல என்று அமைதியாகவே விளக்கினேன்.

மீசையைத் தடவியபடி கேட்டுக்கொண்டார். எல்லையில் நின்றவருக்கு வாசலில் நிற்க நேரம் போதவில்லை. "அவன் நிக்கிற அளவுக்கு நானும் நிக்கணும். எழுத்துதான் காரணம்னா, எனக்கும் எதையாவது நீட்டி எழுதிப் போடுங்க."

சொர்ணம்மாள் கண்டுபிடித்தது

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதினேன். இனி முடியாது.

சொர்ணம்மாள் சங்கரபாண்டியனின் தங்கை, கார்த்திக்கின் அத்தை. ஓய்வுபெறாத இன்ஸ்பெக்டர் அந்த வீட்டில் அவர்தான். திருத்திய படத்தை அண்ணனோடு பார்க்க வந்தார். தாலி கட்டும் இடத்தில் அண்ணன் கேட்டபடியே நிறுத்திவைத்திருந்தேன், கண் மட்டும் மூடினபடிதான். அங்கேதான் வினை. படம் ஓடும்போது கண்ணும் அதோடு ஓடிவிடும். நின்றுவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை, மூலை முடுக்கெல்லாம் மேயத் தொடங்கும். அப்படி மேய்ந்த கண், பெண்ணின் தலைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே பேச்சியம்மாளைக் கண்டுபிடித்துவிட்டது. பந்தி நடக்கும் பக்கத்து வாசலில் நின்றிருந்தவர், கெட்டிமேளம் கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஈரக்கையால் முந்தானையைப் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்து நின்றார். அந்தப் படம் முழுக்கக் கேமராவை மறந்திருந்த முகம் அது ஒன்றுதான்.

கணவனை இழந்தவள் தாலியேறும் நேரத்தில் மணவறைக்கு எதிரே வரக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். பத்திரிகையில் பெயர் போடலாம், விடிய விடியக் காய் நறுக்கலாம், பந்தியில் குறை கேட்கலாம், அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஆள் இருக்கக்கூடாது. "இவ எப்ப இங்கன வந்தா?" என்றார் சொர்ணம்மாள். "இத எடுத்திருங்கக்கா." பெற்றவர் அல்லவா என்றேன். "பெத்தவதான், நான் இல்லன்னு சொல்லுதனா? நாளைக்குப் புள்ளைக போட்டுப் பாக்கும். தாலி ஏறுத எடத்துல அவ மொகம் எதுக்கு?" "நானும் தாலி இல்லாதவதாம்மா. இந்தத் தாலியை இந்தக் கையாலதான் முன்னும் பின்னுமா ஓட்டி ஓட்டி வெட்டியிருக்கேன். அது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையில் கூச்சம் என்பது பேருக்கும் இல்லை.

"நீங்க படத்துல வரமாட்டீயல்லா, அதனால ஒண்ணுமில்லக்கா."

சாவி

மாடசாமி என் கணவரை அண்ணாச்சி என்று அழைத்தவன், அதனால் நான் அவனுக்கு மைனி. நாற்பது வயதாகிறது, நல்ல கை. இந்தக் கல்யாணத்தை எடுத்தவனும் அவன்தான். நான் பொரிந்து தள்ளியதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு மண்டபத்திலேயே சொர்ணம்மாள் தன்னிடம், "பொண்ணோட அம்மா வராம பாத்துக்க" என்று சொன்னதைச் சொன்னான். "கேமராவத் திருப்பியிருப்பேன் மைனி. திருப்பினா தாலி போயிருக்கும்." இப்போது என்ன செய்யலாம் என்பதையும் அவனே சொன்னான். வெட்டினால் மேளம் துள்ளும், பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிதாக்கினால் மாப்பிள்ளையின் கை வெளியே போய்விடும். மங்கலாக்கினால் குத்துவிளக்கும் சேர்ந்து மங்கும். ஃப்ரீஸ்தான் வழி. அந்த அம்மா வருவதற்கு முந்தின ஃப்ரேமில் நிறுத்தி, அவர் திரும்பிப் போகிறவரைக்கும் அந்த ஒரே படத்தை இழுத்து மேலே போட்டுவிட வேண்டியது. கீழே மேளம் பாட்டுக்கு ஓடும். மேலே நாலு பூவைத் தூவிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

நிறுத்துவதை ஆளை மறைக்கவும் பயன்படுத்தலாம் என்பது நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தும்மியவரை மறைத்திருக்கிறோம், குறுக்கே போன பந்திக்காரரை மறைத்திருக்கிறோம். தாயை மறைப்பதா என்று கேட்டேன். "நமக்கெதுக்கு மைனி, அவிய கல்யாணம், அவிய படம்" என்றான். அவனுடைய அப்பா அவன் சின்ன வயதிலேயே போனவர் என்பது எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் உங்கம்மா எங்கே நின்றாள் என்று கேட்டேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துவிட்டு மறுபடியும் துடைத்தான்.

"ஸ்டோர் ரூம்லதான் மைனி. யாராவது சாவி வச்சிருக்கணும்லா."

அருவிக்கரை

இதற்கு நடுவில் மாப்பிள்ளை வந்தான். கார்த்திக் நல்ல மாதிரிப் பையன்தான், சட்டை மடிப்புக் கலையாமல் பேசுவான். குற்றாலத்துக்கு மனைவியோடு போயிருக்கிறான். கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, பெண்கள் குளிக்கும் பக்கத்தைக் கம்பிக்கு இப்பாலிருந்து எடுத்திருக்கிறான். தண்ணீர் தலையில் விழும்போது மாரிச்செல்வி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் நிறுத்தி, இதயங்கள் பறக்கவேண்டுமாம். அவளுக்குப் பின்னால் வேறு பெண்கள். ஒருத்தி கூந்தலைப் பிழிகிறாள், ஒருத்தி சேலையைச் சரிசெய்கிறாள், வயதான ஓர் அம்மா பாறையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார். ஓடும்போது அவர்களும் தண்ணீரோடு தண்ணீராக, நிறத்தோடு நிறமாகப் போய்விடுகிறார்கள். நிறுத்தினால் ஒவ்வொருத்தியும் ஓர் ஆள், ஈரத்தில் நிற்கிற ஆள்.

முடியாது என்றேன். கடைத்தெருவில் மங்குஸ்தான் வாங்கும்போது உன் மனைவி இதைவிட அழகாகச் சிரிக்கிறாள், அங்கே நிறுத்தித் தருகிறேன் என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. வந்ததும் வராததுமாக, "மாமியார் மேட்டர் முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி? அத்தை கேட்டாங்க" என்று விசாரித்தவன் அவன்தான். அந்த அருவித் துண்டை என் கணினியிலிருந்து அவன் முன்னாலேயே அழித்தேன். அழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பின்னாடி நிக்கிறவங்கள யாரு ஆன்ட்டி பாக்கப் போறா?"

மிக்ஸி சத்தம்

ஒரு மதியம் போன் வந்தது. எடுத்ததும் காதைக் கிழிக்கிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். மிக்ஸியைப் போட்டுவிட்டுப் பேசுகிறாள் என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமானது. "ஆச்சி, செல்வி பேசுதேன். அம்மா அதுல வாறாளாமே, உண்மையா?" வருகிறார் என்றேன். "நான் கண்ண மூடிட்டேன் ஆச்சி. அவ வந்தது எனக்குத் தெரியாது. அவுக அத்தை இங்க வீட்ல சத்தம் போடும்போதுதான் தெரியும். அம்மாட்ட கேட்டா, நான் அங்கன வரவே இல்லட்டின்னு சாதிக்கா."

எனக்குக் கோபம் அவள்மேலும் வந்தது. நர்சிங் படித்தவள், நாலு பேருக்கு ஊசி போடுகிறவள். அம்மா இருக்கட்டும் என்று நீயே வீட்டில் சொல்லக்கூடாதா என்றேன். மிக்ஸி நின்றது. யாரோ ஏதோ கேட்க, "தேங்கா சரியா அரையல அத்தை" என்றாள். மறுபடி ஓடவிட்டாள். வந்து இரண்டு மாதம் ஆகாத வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கிற தனிமை ஒரு தேங்காய்ச் சில் அரைபடுகிற நேரம்தான் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

"எடுத்துப்போடுததுக்கு முன்னாடி எனக்கு ஒருக்கா காட்டுவீயளா ஆச்சி? சத்தம் இல்லாமப் போட்டாலும் போதும்."

கேட்டது கேட்டபடி

அன்றே உட்கார்ந்து, சொர்ணம்மாள் கேட்டதைக் கேட்டபடி செய்தேன். ஒரு குறை வைக்கவில்லை. அவர் குடும்பம் மொத்தமும் வரட்டும், பெண்ணும் வரட்டும் என்று சொல்லியனுப்பினேன். சங்கரபாண்டியன், சொர்ணம்மாள், கார்த்திக், அவனுக்குப் பின்னால் மாரிச்செல்வி. அவள் சுவரோரம் நின்றாள். பெரிய டிவியில் போட்டேன்.

ஐயர் தட்டை நீட்டுகிறார். கார்த்திக் தாலியை எடுக்கிறான். குனிகிறான். கெட்டிமேளம். படம் நின்றது. பேச்சியம்மாள் வருவதற்கு முந்தின ஃப்ரேம் அது. அந்த ஃப்ரேமில் முடிச்சும் விழவில்லை. கயிற்றின் இரண்டு முனையும் அவன் விரலில் இருக்கின்றன, தங்கம் அவள் கழுத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, எறிந்த அட்சதை விழாமல் நிற்கிறது. மேளம் கொட்டுகிறது, நாதசுரம் உச்சிக்குப் போகிறது, தாலி ஏறவில்லை. மேளம் ஓய்ந்தபிறகு படம் நகர்ந்தது. இப்போது இருவரும் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டிட்டியாலே?" என்றார் சொர்ணம்மாள். "கட்டுனேன்த்தை" என்றான் கார்த்திக். "எங்கன கட்டுன? காங்கலையே." சங்கரபாண்டியன் என்னைப் பார்த்து, தாலி ஏறின பிறகு நிறுத்தலாமே என்றார். ஏறின ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த அம்மா இருக்கிறார் என்று சொல்லி, ஒன்றொன்றாக நகர்த்திக் காட்டினேன். கயிறு இறுக இறுக அவர் நெருங்கி வருகிறார். அவர் இல்லாத இடத்தில் முடிச்சு இல்லை, முடிச்சு இருக்கிற இடத்தில் அவர் இருக்கிறார். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மேளம் கொட்டியும் ஏறாத தாலியை நாளைக்குப் பிள்ளைகள் போட்டுப் பார்த்தால் பரவாயில்லையா என்று சொர்ணம்மாளின் வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தேன். சொர்ணம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெற்றவளை மறைப்பது பாவம் என்று அந்த மூன்று பேரில் ஒருவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. சுவரோரம் நின்றவள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொர்ணம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"சரி, அவ நின்னா நின்னுட்டுப் போறா. தாலிய மொதல்ல ஏறச் சொல்லுங்க."

பேச்சியம்மாள்

மகள் சொல்லித்தான் வந்திருக்கிறார். சந்தையில் காயைப் போட்டுவிட்டு, பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறி, வெறும் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வந்தும் உட்காரவில்லை. டிவிக்கு நேராக நிற்காமல் கதவோரமாகவே ஒதுங்கினார். கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்காரவைத்தேன். எந்த இடத்திலும் நிறுத்தாமல், எடுத்தது எடுத்தபடி ஓடவிட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தான் வருவதைத் தானே பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "யாரும் பாக்கலன்னுல்லா நெனச்சேன்" என்றார். ஏன் அப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். "பந்தி வாசல்லதான் நின்னேன். மேளம் கேட்டுச்சு. பொறவு காலு எங்கூட இல்ல." மறுபடி போடச்சொன்னார். மறுபடியும் போடச்சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவரும் மகளும் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். இதை அப்படியே புகைப்படமாக எடுத்து, சட்டம் போட்டுத் தருகிறேன், வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். நின்றுபோன தன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். ஈரக்கை, திறந்த வாய், குத்துவிளக்கின் பக்கத்தில் ஒடுங்கின தோள். பிறகு தலையாட்டினார். வேண்டாம் என்கிற தலையாட்டல்.

"நிப்பாட்டாதீயக்கா. நிப்பாட்டினா, நிக்கக்கூடாத எடத்துல நிக்கிறவ மாதிரி தெரியுது. ஓடவிட்டா, தாய் வாற மாதிரி இருக்கு."

நம் தொழிலில் நியாயம் ஒருநாளும் ஜெயிப்பதில்லை, ஒரு பயத்தை அதைவிடப் பெரிய பயம் ஜெயிக்கிற சந்தில் நியாயத்துக்கும் ஓரமாக நிற்க இடம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.